க்யூஒய்70-ல் எட்டாவது பாட்டுக்கு இடமில்லை

கேள்வி, 3 மார்ச் 2024

அண்ணே, ஆறு மாதத்துக்கு முன்னால் செகண்ட் ஹேண்டில் ஒரு யமஹா க்யூஒய்70 வாங்கினேன், நோட்டுகளைப் பதிந்துவைத்துத் தானே வாசிக்கும் சீக்வென்சர் பெட்டி. எங்கள் குழுவில் டிரம்ஸ் கிடையாது, பேஸ் கிதார் கிடையாது. நான் கீபோர்டு, இன்னொருவர் பேட், ஒரு புல்லாங்குழல், பாடுவதற்கு இரண்டு பேர். மீதியை எல்லாம் இந்தப் பெட்டி வாசிக்கட்டும் என்று நினைத்தேன். 20 பாட்டு போடலாம் என்று கையேட்டில் இருக்கிறது. ஏழு பாட்டு முடித்தேன். எட்டாவது பாட்டின் சரணத்தில் மெமரி ஃபுல் என்று நின்றுவிட்டது. 32,000 நோட் பிடிக்கும் என்கிறார்கள், நான் அவ்வளவு வாசிக்கவே இல்லை. பெட்டியில் கோளாறா? விற்றுவிட்டு லேப்டாப்புக்குப் போய்விடலாமா? ஏப்ரலில் கோயிலில் நிகழ்ச்சி இருக்கிறது.

3 மார்ச், இரவு

கோளாறு இல்லை தம்பி. அவசரப்பட்டு விற்றுவிடாதீர்கள்.

முதலில் ஒரு கணக்கு. 32,000 என்பது ஒரு பாட்டுக்கு அல்ல, பெட்டியில் நீங்கள் பதியும் எல்லாப் பாட்டுக்கும் சேர்த்து. 20 பாட்டு என்றால் பாட்டுக்கு 1,600 நோட். நிமிடத்துக்கு 100 அடி வேகத்தில் ஐந்து நிமிடப் பாட்டு என்றால் 500 அடி, நாலு அடிக்கு ஒரு பார் என்று 125 பார். ஒரு பாருக்கு ஹைஹேட் எட்டு, கிக் நாலு, ஸ்னேர் இரண்டு என்று வைத்தாலே 14 நோட். 125 பாருக்கு 1,750. டிரம்ஸ் ஒன்றே அந்தப் பாட்டின் பங்கைத் தின்றுவிட்டு மேலேயும் கேட்கிறது.

ஆனாலும் ஏழு பாட்டிலேயே நிரம்பியதற்கு டிரம்ஸ் மட்டும் காரணமாக இருக்காது. உங்கள் கீபோர்டில் ஆஃப்டர்டச் உண்டா?

4 மார்ச்

ஆஃப்டர்டச் உண்டு என்று எழுதியிருக்கிறீர்கள். நினைத்தது சரிதான்.

சீக்வென்சருக்குள் போவது நோட் மட்டும் அல்ல. கருவிகள் ஒன்றோடொன்று பேசும் மிடி முறை 1983-ல் வந்த நாளிலிருந்து ஒரே கம்பியில் எல்லாம் போகிறது: எந்தக் கட்டை, எவ்வளவு வேகமாக அடித்தது, எப்போது விட்டது, பெடல், சுருதியை வளைக்கும் பிட்ச் பெண்ட் சக்கரம், மாடுலேஷன், அடித்த கட்டையை அதன் பிறகு எவ்வளவு அழுத்துகிறோம் என்பது. கடைசியாகச் சொன்னதுதான் ஆஃப்டர்டச். ஸ்டிரிங்ஸ் ஒலியில் மூன்று கட்டை சேர்ந்த கார்டு ஒன்றை நாலு அடிக்குப் பிடித்துக்கொண்டிருந்தால் நீங்கள் வாசித்தது மூன்று நோட். விரல் அழுத்தம் கொஞ்சம் கூடிக் குறையும்போதெல்லாம் கீபோர்டு ஒரு செய்தி அனுப்பும். அந்த மூன்று நோட்டுக்குப் பின்னால் ஐம்பது, நூறு செய்தி வரிசையில் வந்து உட்கார்ந்துவிடும். நீங்கள் எடுத்த ஸ்டிரிங்ஸ் ஒலியில் அழுத்தத்துக்கு எந்த வேலையும் இல்லை என்றாலும் பெட்டி அதைப் பதிந்துகொள்ளும். காதுக்குக் கேட்காது, இடத்தை மட்டும் பிடிக்கும்.

பதிந்ததைத் திருத்தும் கட்டளைகளுக்கு ஜாப் என்று பெயர். அந்தப் பட்டியலில் ஒரு வகைச் செய்தியை மட்டும் பிரித்து எடுக்க வழி இருக்கும். ட்ராக்கைத் தேர்ந்தெடுத்து, முதல் பாரிலிருந்து கடைசி பார் வரை, சேனல் ஆஃப்டர்டச் மட்டும் என்று வைத்து அழியுங்கள். ஏழு பாட்டுக்கும், ஒவ்வொரு ட்ராக்காக. அலுப்பான வேலைதான், ஒரு மாலைப் பொழுது போய்விடும். அது முடிந்ததும் கீபோர்டிலேயே ஆஃப்டர்டச்சை நிறுத்திவிட்டு அப்புறம் பதிவு செய்யுங்கள். பதிந்த பிறகு பெருக்குவதை விட வாசலிலேயே நிறுத்துவது நல்லது.

4 மார்ச், கொஞ்ச நேரம் கழித்து

காலையில் எழுதியதில் விட்டுப்போனவை.

குவாண்டைஸ் செய்தால், அதாவது நோட்டுகளைத் தாளத்துக்கு நேராக நகர்த்தினால், இடம் மிச்சமாகும் என்று பலரும் நினைக்கிறார்கள். ஆகாது. நோட் இடம் மாறும், எண்ணிக்கை அப்படியே இருக்கும்.

ஓவர்டப் முறையில், அதாவது பழையதை அழிக்காமல் அதன் மேலேயே பதிந்தீர்களா? புல்லாங்குழல் ஒலியில் இரண்டாவது முறை மேலே வாசித்துச் சேர்த்தால் முதல் முறையின் சக்கர அசைவும் இரண்டாவதன் அசைவும் ஒன்றோடொன்று கலந்து கிடக்கும். திருத்தி வாசிக்க, பழையதை அழித்துப் பதியும் ரீப்ளேஸ்தான் சரி.

ஒரு பாட்டைப் பத்திரத்துக்காக இன்னொரு எண்ணில் நகல் எடுத்து வைத்திருக்கிறீர்களா? அப்படியானால் அந்தப் பாட்டுக்கு இரண்டு மடங்கு இடம் போகிறது. அந்தப் பெட்டியில் ஃப்ளாப்பியோ மெமரி கார்டோ கிடையாது என்பதால் எல்லோரும் செய்வதுதான் இது. நானும் செய்தேன்.

எதிரொலிக்காக ட்ராக்கை நகல் எடுத்து அரை அடி தள்ளிவைக்கும் பழக்கம் இருந்தால் விட்டுவிடுங்கள். வேரியேஷன் எஃபெக்டில் டிலே இருக்கிறது, அதற்கு ஒரு நோட்டும் செலவில்லை.

5 மார்ச்

டிரம்ஸைப் பற்றி.

க்யூஒய்70-ல் 16 சீக்வென்ஸ் ட்ராக்குக்கு மேல், சின்ன வாசிப்பைத் திரும்பத் திரும்பக் கூப்பிடும் பேட்டர்ன் ட்ராக்குகள் தனியாக இருக்கின்றன. உள்ளே தயாராக 128 ஸ்டைல், ஒவ்வொன்றிலும் ஆறு பகுதி: தொடக்கம், முக்கியப் பகுதி இரண்டு, இடையில் வரும் ஃபில் இரண்டு, முடிவு. இவை ரோமில், அதாவது பெட்டியின் நிரந்தர நினைவகத்தில் இருப்பவை, உங்கள் இடத்திலிருந்து எதையும் எடுக்காது. எந்த பாரில் எந்தப் பகுதி, எந்தக் கார்டு என்ற குறிப்பு மட்டும்தான் உங்கள் கணக்கில் வரும்.

நம் பாட்டுக்கு அந்த ஸ்டைல்கள் ஒத்துவராது என்று சொல்வீர்கள். உண்மை. தெம்மாங்கு நடைக்கோ கோயில் பாட்டின் திஸ்ர நடைக்கோ உள்ளே இருப்பது போதாது. அதற்குத்தான் சொந்த ஸ்டைலுக்கு 64 இடம் விட்டிருக்கிறார்கள். உங்கள் டிரம்ஸை இரண்டு பாருக்கு மட்டும் பேட்டர்னில் வாசியுங்கள். 28 நோட். ஃபில்லுக்கு இன்னொரு 20. அதை பேட்டர்ன் ட்ராக்கில் 125 பாருக்கும் கூப்பிடுங்கள். 1,750 நோட் இருந்த இடத்தில் ஐம்பதுக்குள் முடிந்துவிடும். பேஸும் கார்டுக்கு ஏற்ப மாறிக்கொள்ளும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. எக்ஸ்பாண்ட் பேக்கிங் என்று ஒரு ஜாப் இருக்கிறது. பேட்டர்னை விரித்து சாதாரண ட்ராக்குகளில் நோட்டாக எழுதிக் கொடுக்கும். ஒரு பாரில் மட்டும் டிரம்ஸை மாற்ற வேண்டும் என்று ஆசைப்பட்டு அதை அழுத்தினால், மிச்சப்படுத்திய அத்தனையும் ஒரே நொடியில் திரும்ப வந்து நிறையும். அந்த ஒரு பாருக்காகத் தனி பேட்டர்ன் செய்துகொள்ளுங்கள்.

6 மார்ச்

தம்பி எழுதியிருக்கிறார்: "எரேஸ் செய்ததும் எட்டாவது பாட்டு முடிந்தது அண்ணே, பதினொன்று வரை வந்துவிட்டேன். இன்னும் ஒன்பது பாட்டு பாக்கி. டிரம்ஸ் எல்லாவற்றையும் பேட்டர்னாக மாற்றிக்கொண்டிருக்கிறேன். வேறு என்ன எடுக்கலாம்?"

அடுத்தது பிட்ச் பெண்ட். கமகத்துக்காகச் சக்கரத்தை உருட்டுகிறோம் இல்லையா, ஒரு பிடிக்கு 40, 50 செய்தி போய்விடும். அதற்குத் தின் அவுட் என்று ஒரு ஜாப் உண்டு. தொடர்ந்து வரும் செய்திகளில் இடையிடையே உள்ளவற்றை எடுத்துவிடும். எல்லா மெலடி ட்ராக்கிலும் ஒரு முறை ஓட்டுங்கள், வித்தியாசம் தெரியாது.

9 மார்ச்

மூன்று நாளுக்கு முன் எழுதியதைத் திரும்பப் பெறுகிறேன். வித்தியாசம் தெரிகிறது, நன்றாகவே தெரிகிறது.

எழுதிவிட்டோமே, சரிபார்ப்போம் என்று அலமாரியில் இருந்த என் க்யூஒய்70-ஐ எடுத்தேன். 2001-ல் வாங்கியது. ஆறு பென்சில் பேட்டரி போட்டால் பேருந்திலேயே காதில் மாட்டிக்கொண்டு வேலை செய்யலாம். நாகர்கோவிலிலிருந்து மதுரை போவதற்குள் ஒரு பாட்டின் பேஸ் வரி முடிந்துவிடும். அப்போது செய்த ஒரு விருத்தம் இன்னும் உள்ளே இருந்தது, தோடியில், நாதஸ்வர ஒலி வைத்து. அதில் தின் அவுட் ஓட்டினேன். முதல் முறை ஓட்டியபோது ஏதோ குறைந்த மாதிரி இருந்தது. இரண்டாவது முறை ஓட்டியதும் காந்தாரம் காந்தாரமாக இல்லை. தோடியில் அந்த ஸ்வரத்துக்குக் கம்பிதம்தான் உருவம், ரிஷபத்துக்கும் மத்திமத்துக்கும் நடுவே ஆடிக்கொண்டே இருக்க வேண்டும். புள்ளிகளைக் குறைத்ததும் ஆட்டம் போய் படிக்கட்டில் ஏறி இறங்கும் சத்தம் வந்தது. ஒரு அசைவுக்குப் பத்துப் பன்னிரண்டு புள்ளியாவது இருந்தால்தான் என் காதுக்கு அது வளைவு.

அதே வேலையை மோகனத்தில் இருந்த ஒரு பாட்டில் செய்தேன். ஒன்றும் ஆகவில்லை. அங்கே காந்தாரம் பெரும்பாலும் நேராக நிற்பது, சக்கரத்துக்கே வேலை குறைவு.

ஆகவே திருத்திச் சொல்கிறேன். தின் அவுட்டை மொத்தமாக ஓட்டாதீர்கள். ராகம் பார்த்து, பார் பார்த்து ஓட்டுங்கள். சந்தேகமே இல்லாமல் எடுக்கக்கூடிய இடம் ஒன்று உண்டு: ஷட்ஜமும் பஞ்சமமும் அசையாத ஸ்வரங்கள். அவற்றில் நீண்டு நிற்கும் இடங்களில் சக்கரத்தின் சின்னச் சின்ன நடுக்கம் பதிந்திருந்தால் அதற்கு இசையில் எந்த அர்த்தமும் இல்லை. அதை எடுத்தால் இடமும் கிடைக்கும், சுருதியும் சுத்தமாகும்.

9 மார்ச், மீண்டும்

ஏன் படிக்கட்டு கேட்டது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். மிடியில் பிட்ச் பெண்டுக்கு 16,384 படி உண்டு. ஆனால் பல கீபோர்டுகள் அதில் 128 படி மட்டும் அனுப்பும், மேலே 64, கீழே 64. சக்கரம் வளைக்கும் எல்லை இரண்டு அரைஸ்வரம், அதாவது 200 சென்ட் என்றால் ஒரு படிக்கு மூன்று சென்ட் சொச்சம். அது காதுக்குத் தெரியாது. நான் அந்த விருத்தத்தில் எல்லையைப் 12 அரைஸ்வரமாக வைத்திருந்தேன், ஒரு ஸ்வரத்திலிருந்து இன்னொன்றுக்கு வழுக்கும் ஜாருவில் ஒரு ஸ்தாயி முழுக்க இழுக்க வேண்டும் என்பதற்காக. அப்போது ஒரு படி 18.75 சென்ட். ஏற்கெனவே கரடுமுரடாக இருந்ததை இன்னும் குறைத்திருக்கிறேன், அதனால்தான் அப்படிக் கேட்டது.

எல்லையை இரண்டுக்குக் கொண்டுவந்து மறுபடி வாசித்தேன். இப்போது ஒரு முறை தின் அவுட் ஓட்டினால் தோடி தாங்குகிறது. இரண்டு முறை தாங்கவில்லை.

12 மார்ச்

தம்பிக்கு நேர்ந்தது எனக்கும் முன்பு நேர்ந்ததுதான், அதனால் விரிவாகவே எழுதுகிறேன்.

பஞ்சமம் நிற்கும் நாலு பாரில் பிட்ச் பெண்டை எரேஸ் செய்தார். அந்த இடத்திலிருந்து பாட்டு முடியும் வரை புல்லாங்குழல் ட்ராக் சுருதி விலகி ஒலிக்கிறது. காரணம் இதுதான்: முந்தின பாரில் சக்கரம் மேலே போயிருக்கிறது. நடுவுக்குத் திரும்பி வந்த செய்தி, அழித்த பாரில் விழுந்திருக்கிறது. திரும்பிய செய்தி போனதால் பெட்டி சக்கரத்தை மேலேயே பிடித்து வைத்திருக்கிறது.

எடிட் திரைக்குப் போய், அழித்த பகுதியின் முதல் அடிக்குச் சற்று முன்னால் பிட்ச் பெண்ட் சுழி என்று ஒரே ஒரு செய்தியை நுழையுங்கள். சரியாகிவிடும். பிட்ச் பெண்டை எங்கே அழித்தாலும் முதலில் இந்தச் சுழியை நட்டுவிட்டு அப்புறம் அழிப்பது என்று பழகிக்கொள்ளுங்கள். எனக்கு ஒரு கச்சேரிக்கு முந்தின இரவு இது நடந்தது. புல்லாங்குழல் வாசிப்பவர் தன் குழலில்தான் பிசகு என்று நினைத்து அரை மணி நேரம் தவித்தார். அது இன்றும் மனதில் உறுத்துகிறது.

இன்னொரு வழியும் சொல்கிறேன். நீண்ட ஜாருவுக்குக் கையால் சக்கரம் உருட்டாமல் கிரியேட் கன்டினியுவஸ் ஜாபைப் பயன்படுத்தலாம். எங்கே தொடங்கி எங்கே முடிய வேண்டும், எத்தனை கிளாக்குக்கு ஒரு செய்தி என்று நாமே சொல்லலாம். ஒரு அடிக்கு 480 கிளாக். 20 கிளாக்குக்கு ஒன்று என்றால் 24 செய்தியில் ஒரு அடி நீள ஜாரு கிடைக்கும். ஆனால் கம்பிதத்துக்கு இதை நம்ப வேண்டாம். செய்து பார்த்தேன். எல்லா அசைவும் ஒரே அளவில் வருகிறது, மனிதக் கை அப்படி அசைக்காது.

17 மார்ச்

வேறொருவர் கேட்டிருக்கிறார்: சீக்வென்சர் மெமரியும் சாம்பிள் மெமரியும் ஒன்றா? உண்மையான ஒலியைப் பதிந்து துண்டாக வாசிக்கும் சாம்பிளரான தன் அகாய் எம்பிசி2000எக்ஸ்எல்-இல் நோட்டுக்கு ஏராளமாக இடம் இருந்தும் ஒலி ஏற்ற முடியவில்லையாம்.

ஒன்று அல்ல. அந்தப் பெட்டி 3,00,000 நோட் பிடிக்கும். நம் வேலைக்கு அது தீரவே தீராது. தீர்வது ராம், அதாவது ஒலி உட்காரும் தற்காலிக நினைவகம். வாங்கும்போது 2 மெகாபைட், கூட்டினால் அதிகபட்சம் 32. ஒலியை நொடிக்கு 44,100 முறை அளந்து மாதிரி எடுக்கிறது, ஒரு மாதிரிக்கு இரண்டு பைட் என்றால் மோனோவில் ஒரு நொடிக்கு 88,200 பைட். 2 மெகாபைட்டில் 22 நொடி சொச்சம். ஸ்டீரியோ என்றால் அதில் பாதி.

ஆகவே அங்கே சிந்தனை தலைகீழ். க்யூஒய்70-ல் ஒலி இலவசம், ஏனென்றால் எல்லாம் ரோமில் இருக்கிறது, நோட்டுக்குத்தான் விலை. எம்பிசியில் நோட் இலவசம், ஒலிக்கு விலை. ஒலியைச் சின்னச் சின்னத் துண்டாக வைத்துக்கொண்டு நோட்டுகளால் கட்ட வேண்டும்.

மிருதங்கத்தைப் பாருங்கள். ஆதி தாளம் ஒரு ஆவர்த்தனம், நிமிடத்துக்கு 80 அடி என்றால் ஆறு நொடி. அதை முழுதாகத் திரும்பத் திரும்ப ஓடும் லூப்பாக எடுத்தால் 5.3 லட்சம் பைட். அதே மிருதங்கத்தில் பத்துச் சொல், ஒவ்வொன்றும் 0.4 நொடி என்று எடுத்தால் நாலு நொடி, மூன்றரை லட்சம் பைட். இரண்டாவது ஆவர்த்தனம் வேண்டும் என்றால் லூப்புக்கு இன்னொரு 5.3 லட்சம். துண்டுக்கு ஒன்றுமில்லை, நோட்டுதான். தாளத்தையும் மாற்றலாம், வேகத்தையும் மாற்றலாம்.

தம்பூராவையும் இப்படியே நாலு தந்தியாகப் பிரித்து வையுங்கள், நிறைய இடம் மிஞ்சும்.

18 மார்ச்

கடைசி வரி தவறு. தம்பூராவுக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

தம்பூராவில் ஒரு தந்தி ஐந்து நொடிக்கு மேல் ஒலிக்கும், அதைப் பாதியில் வெட்ட முடியாது. ஒரு தந்திக்கு ஐந்து நொடி என்றால் 4.4 லட்சம் பைட். பஞ்சமம், சாரணி, அனுசாரணி, மந்தரம் என்று நாலும் சேர்ந்தால் 17 லட்சம். இருக்கும் 2 மெகாபைட்டில் முக்கால்வாசிக்கு மேல் போய்விடும். நாலு தந்தியும் மீட்டி முடியும் ஒரு சுற்றை அப்படியே ஐந்து நொடி லூப்பாக எடுத்தால் மொத்தமே 4.4 லட்சம்தான்.

பிரித்தால் மிச்சமாவது எப்போது என்றால், ஒலி குட்டையாகவும் திரும்பத் திரும்ப வருவதாகவும் இருக்கும்போது. தம்பூராவில் ஒலி நீளம், வருவதோ ஒரே வரிசை.

சாரணியை மட்டும் எடுத்து ஒரு ஸ்தாயி கீழே இறக்கி மந்தரமாக வைக்கலாமே என்று தோன்றும். நானும் செய்து பார்த்தேன். ஸ்வரம் சரியாக வரும், ஜீவா போய்விடும். கீழே இறக்கும்போது அந்த ரீங்காரமும் சேர்ந்தே இறங்குகிறது. அதை வைத்துக்கொண்டு யாரையும் பாடச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

மிருதங்கத்திலும் ஒன்றைச் சேர்க்க வேண்டும். இடப்பக்கத் தொப்பியில் கையை அழுத்தி இழுக்கும் கும்கியை 0.4 நொடிக்குள் வெட்டாதீர்கள். அதற்கு முழு இடம் கொடுங்கள், இரண்டு மூன்று விதமாகவே எடுத்து வையுங்கள். மற்ற சொற்களில் எவ்வளவு வேண்டுமானாலும் குறைத்துக்கொள்ளலாம். கும்கி இல்லாவிட்டால் கேட்பவருக்கு அது மிருதங்கமாகவே படாது.

20 மார்ச்

மாதிரி வேகத்தைப் பாதியாக்கினால் இடமும் பாதி. எல்லாவற்றுக்கும் அதைச் செய்யக் கூடாது. நொடிக்கு 22,050 என்று இறக்கினால் 11,000 ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பது எதுவும் மிஞ்சாது. தொப்பிக்கு அங்கே ஒன்றுமே இல்லை, தாராளமாக இறக்கலாம். உடுக்கை தாங்கும். கஞ்சிராவின் சதங்கையும் ஜால்ராவும் தாங்காது, போர்வை போட்டு மூடிய மாதிரி ஆகிவிடும். தவிலின் வலந்தலை நடுவில் நிற்கிறது. தனியாகக் கேட்டால் குறை தெரியும், நாதஸ்வரத்தோடு சேர்ந்தால் தெரியாது.

24 மார்ச்

அந்தக் காலத்து ஆட்கள் என்ன செய்தார்கள் என்று ஒரு கேள்வி. இதைப் பற்றிப் பேச எனக்கு எப்போதும் பிடிக்கும்.

1977-ல் வந்த ரோலண்ட் எம்சி-8-ல் 16 கிலோபைட். அதில் 5,200 நோட் அளவு வரும். எண் பலகையில் ஒவ்வொரு நோட்டுக்கும் எண் அடித்து ஏற்ற வேண்டும், சேமிப்பது ஒலி கேசட்டில். 1988-ல் ரோஜர் லின் வடிவமைத்த அகாய் எம்பிசி60 வந்தது. நோட்டுக்கு 60,000 இடம், சாம்பிளுக்கு 13 நொடி சொச்சம்.

அதற்கு முந்தின வருடம் வந்த இமு எஸ்பி-1200-ல் மொத்தமே பத்து நொடி, ஒரு சாம்பிள் இரண்டரை நொடியைத் தாண்டக் கூடாது. நியூயார்க் ஹிப் ஹாப் ஆட்கள் அதற்கு ஒரு வழி கண்டுபிடித்தார்கள். நிமிடத்துக்கு 33 சுற்று ஓட வேண்டிய இசைத்தட்டை 45-ல் ஓட்டிப் பதிவார்கள். பெட்டிக்குள் வந்த பிறகு ஐந்து அரைஸ்வரத்துக்குக் கொஞ்சம் மேலே கீழிறக்கினால் பழைய சுருதிக்கு வந்துவிடும். கால்வாசி இடம் மிச்சம். இறக்கும்போது ஏறிய கரகரப்பு ஒரு குறைதான், ஆனால் அவர்கள் அதையே தங்கள் ஒலியாக வைத்துக்கொண்டார்கள். இன்று அந்தக் கரகரப்புக்காகவே அந்தப் பெட்டியைத் தேடி வாங்குகிறார்கள்.

நானும் தவிலை ஒரு ஸ்தாயி ஏற்றி எம்பிசியில் பதிந்து, உள்ளே 12 அரைஸ்வரம் இறக்கிப் பார்த்தேன். யோசித்தால், மாதிரி வேகத்தைப் பாதியாக்குவதும் இதுவும் ஒன்றேதான். இடமும் அதே பாதி, மேலே இழப்பதும் அதே. எம்பிசியிலேயே ரீசாம்பிள் இருக்கும்போது இந்தச் சுற்று தேவையில்லை.

31 மார்ச்

எம்பிசிக்கு 32 மெகாபைட் போட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு.

போடுங்கள், கிடைத்தால் நல்லதுதான். நான் போட்டேன். ஸ்டீரியோவில் மூன்று நிமிடத்துக்கு மேல் இடம், எதையும் வெட்ட வேண்டாம், தம்பூராவை ஒரு நிமிடம் முழுக்க எடுத்தேன். முதல் மேடையில்தான் புரிந்தது. அந்தப் பெட்டி மின்சாரம் போனால் ராமில் இருப்பது எதையும் வைத்துக்கொள்ளாது. ஃப்ளாப்பியில் 1.44 மெகாபைட். 32 மெகாபைட்டை ஃப்ளாப்பியில் சேமித்தால் 23 ஃப்ளாப்பி. அந்த மாடலில் வெளி டிஸ்க் மாட்டும் ஸ்கஸி வாசல் இருக்கிறது, ஜிப் டிரைவ் மாட்டலாம். என்னிடம் அப்போது அது இல்லை.

அம்மன் கோயில் கொடை, இரவு பதினொரு மணி, மூன்றாவது பாட்டு நடுவில் கரண்ட் போனது. ஜெனரேட்டர் நாலு நிமிடத்தில் வந்துவிட்டது. நான் ஃப்ளாப்பி மாற்றிக்கொண்டிருந்தேன், ஒன்று, இரண்டு, மூன்று என்று. பாடகி மைக்கைப் பிடித்தபடி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். பேட் வாசிப்பவர் தானாக ஒரு கும்மி நடையைத் தொடங்கினார், பாடகி அதில் ஒரு பாட்டை எடுத்துக்கொண்டார். அன்று காப்பாற்றியது அவர்கள் இருவரும்தான்.

அந்த வாரமே எல்லாப் பாட்டையும் திரும்பப் பிரித்துக் கட்டினேன். ஒரு பாட்டு, ஒரு ஃப்ளாப்பி. மோனோவில் 16 நொடி ஒலி, அதற்கு மேல் இல்லை. ராம் 32 இருந்தும் ஒன்றரை மெகாபைட்டுக்குள் வேலை செய்தேன். கரண்ட் போய் வந்தாலும் ஒரு ஃப்ளாப்பி போதும். அதன் பிறகு செய்த பாட்டுகள்தான் எனக்கு இன்றும் கேட்கப் பிடிக்கிறது, எந்த ஒலியும் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை.

7 ஏப்ரல்

தம்பிக்கு நிகழ்ச்சி நெருங்குகிறது. ஒரே ஒரு விஷயம்.

க்யூஒய்70-ல் இருப்பது வெளியே எங்கும் இல்லை என்றால் இன்றே பல்க் டம்ப் எடுங்கள், அதாவது உள்ளே இருப்பதை மொத்தமாக மிடி வழியே வெளியே அனுப்பிச் சேமியுங்கள். நான் யமஹா எம்டிஎஃப்3 வைத்திருந்தேன், ஃப்ளாப்பியில் மிடி தரவைச் சேமிக்கும் சின்னப் பெட்டி. இப்போது கணினியில் மிடி இன்டர்ஃபேஸ் வைத்து சிஸ்டம் எக்ஸ்க்ளூசிவ் தரவைப் பிடிக்கும் மென்பொருள் எதுவானாலும் போதும். மிடி கம்பியில் நொடிக்கு 3,125 பைட்டுதான் போகும், 100 கிலோபைட் என்றால் அரை நிமிடத்துக்குச் சற்று மேல். நடுவில் கையை வைக்காமல் காத்திருங்கள். எடுத்ததைத் திரும்ப ஏற்றிக் கேட்டுப் பாருங்கள். ஏற்றிப் பார்க்காத நகலை நகல் என்று கணக்கில் வைக்காதீர்கள்.

அது ஆனதும், பத்திரத்துக்காக உள்ளேயே வைத்திருக்கும் நகல் பாட்டுகளை அழித்துவிடலாம். அந்த இடமும் உங்களுக்கு.

21 ஏப்ரல்

தம்பியிடமிருந்து: "நிகழ்ச்சி நல்லபடியாக நடந்தது அண்ணே. 18 பாட்டு பெட்டியில், இரண்டு பாட்டு பெட்டி இல்லாமல். டிரம்ஸ் எல்லாம் பேட்டர்ன். தோடியில் இருக்கும் அம்மன் பாட்டில் மட்டும் தின் அவுட் ஓட்டவில்லை, நீங்கள் சொன்னபடி எல்லை இரண்டு வைத்து மறுபடி வாசித்துப் பதிந்தேன். 19-க்கு இடம் இருந்தது, போடவில்லை."

18-ல் நிறுத்தியது ஏன் என்று கேட்டிருந்தேன். அந்த இரண்டு பாட்டில் புல்லாங்குழல்காரர் நின்று வாசிக்க இடம் வேண்டும் என்று கேட்டாராம், வேகமும் ஒரே சீராக இருக்காதாம்.

இதைப் படித்ததும் என் பழைய பட்டியலை எடுத்துப் பார்த்தேன். என் பெட்டியில் 20 இடமும் நிறைந்திருக்கிறது. அந்தத் தோடி விருத்தம் 14-வதில். விருத்தத்துக்குத் தாளமே கிடையாது, பாடுகிறவர் மூச்சுக்குக் கீபோர்டு போக வேண்டும். அதை நான் சீக்வென்சரில் பதிந்ததே சரியா என்று அப்போதிலிருந்து யோசிக்கிறேன். 23 வருடமாக உள்ளே இருக்கிறது. அந்த நாதஸ்வரத்தின் பிட்ச் பெண்ட் மட்டுமே மற்ற மூன்று பாட்டுகளின் இடத்தைப் பிடித்திருக்கிறது.

நேற்று இரவு பல்க் டம்ப் எடுத்துவிட்டு அதை அழித்தேன். அடுத்த முறை யாராவது விருத்தம் பாடினால் கையால் வாசிக்கிறேன்.